டிஎம்எஸ்ஓ ஸ்டாக்: மீடியத்தில் ஊசி ஊசியாகப் படிகம், ரிசல்ட்டும் மாறுது

வேர்நுனி:
5 நாள் அராபிடாப்சிஸ் (ஆய்வுக்கூடங்கள்ல வளர்க்கிற சின்னச் செடி) நாற்றுல இன்ஹிபிட்டர் ஸ்க்ரீனிங் பண்றேன், அதாவது செல் வேலையைத் தடுக்கிற சேர்மங்களைத் தேடறேன். 96 குழித் தட்டு, அரை எம்எஸ் திரவம் (பாதிச் செறிவுல செடி வளர்க்கிற ஊட்ட மீடியம்). ஸ்டாக் (செறிவான மூலக் கரைசல்) எல்லாம் டிஎம்எஸ்ஓங்கிற கரைப்பான்ல 10 மில்லிமோலார். முதல்ல தண்ணீர்ல 100 மைக்ரோமோலாரா கலக்கி வச்சுக்கிட்டு, அதுலேர்ந்து லைப்ரரி (சோதிக்க வேண்டிய தொகுப்பு) சேர்மங்களை 10 மைக்ரோமோலார் போடறேன். பாசிட்டிவ் கன்ட்ரோல் (விளைவு கண்டிப்பா தெரிய வேண்டிய ஒப்பீடு) பிரெஃபெல்டின் ஏ, செல்லுக்குள்ள நடக்கிற சரக்குப் போக்குவரத்தைத் தடுக்கிற மருந்து, 50 மைக்ரோமோலார்.

முதல் வாரம் ஒரு மணி நேரத்துல வேர் செல்லுக்குள்ள எஃப்எம்4-64 (செல் சவ்வைக் காட்டற சாயம்) உருண்டை உருண்டையா திரண்டுது, பிரெஃபெல்டின் வேலை செய்யுதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். மூணாவது வாரம் அதே குழாய்தான், பாதி நாற்றுல ஒண்ணுமே இல்லை. லைப்ரரி குழிகள்ல படிகம் வேற. எங்கே தப்பு பண்றேன்?

பழைய பிப்பெட்:
அந்தத் தண்ணீர்க் கலவையை முதல்ல நிறுத்துங்க. தண்ணீரை வெறுக்கிற மூலக்கூறு அங்கேயே வெளியே வந்துடும். தெளிஞ்ச மேல் நீரைத்தான் நீங்க குழிக்குக் கொண்டு போறீங்க. படிப்படியா நீர்க்கிறதை டிஎம்எஸ்ஓலயே முடிச்சு, கடைசியா ஒரே தடவை 1000 மடங்கு மீடியத்துல விட்டு உடனே கலக்குங்க.

இன்னொண்ணு. 10 மில்லிமோலார்லேர்ந்து 50 மைக்ரோமோலார்னா 0.5% டிஎம்எஸ்ஓ. லைப்ரரி குழியில 0.1%தான். இரண்டுக்கும் ஒரே வெற்றுக் கன்ட்ரோல் (மருந்தில்லாம டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட குழி) வச்சிருந்தா அந்த ஒப்பீடு செல்லாது. பிரெஃபெல்டினுக்கு 50 மில்லிமோலார் ஸ்டாக் போடுங்க: 5 மில்லிகிராமுக்கு 357 மைக்ரோலிட்டர்.

குழாயை ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே திறக்கறீங்களா?

வேர்நுனி:
ஆமா, உடனேதான் திறப்பேன். ஓரத்துல உருகினதை எடுத்துக்குவேன்.

பழைய பிப்பெட்:
அதுதான். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைஞ்சிடும். பாதி உருகினதுல செறிவு ஒரே சீரா இருக்காது. குளிர்ந்த குழாயைத் திறந்தா காத்துல இருக்கிற ஈரம் உள்ளே இறங்கும், டிஎம்எஸ்ஓ அதை விடாது. இதே காரணத்தால ஒரு முழு ஸ்க்ரீனை நான் திரும்பப் பண்ணியிருக்கேன். அந்த வலி தெரியும். 10 மைக்ரோலிட்டரா பிரிச்சு வைங்க. மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் வோர்டெக்ஸ் கருவியில வேகமா குலுக்கல், சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு சின்ன சுழற்று.

இலைத்துளை:
வோர்ட்மானினும் (இன்னொரு இன்ஹிபிட்டர்) லிஸ்ட்ல இருந்தா தனியா கவனிங்க. தண்ணீர்ல நிலைக்காது, அன்னன்னைக்குக் கலக்கணும், வெளிச்சம் படக்கூடாது. பிரெஃபெல்டின்ல கழுவியும் பாருங்க. மருந்தை எடுத்தா உருண்டை கலையணும்.

வேர்நுனி:
புது ஸ்டாக், நேரடியா மீடியத்துல, 0.1%. பார்த்த 12 நாற்றுலயும் உருண்டை வந்துடுச்சு. லைப்ரரியில இரண்டு சேர்மம் மட்டும் இன்னும் படிகம் கட்டுது. அதை 2 மைக்ரோமோலாருக்கு இறக்கிப் பார்க்கறேன்.