கர்ப்பத்தில் 9ஆவது கிழமை, சத்தி நிற்கவே இல்லை, என்ன செய்தீர்கள்?

அக்காமாரே, எனக்கு இது முதல் பிள்ளை. காலையில்தான் சத்தி வரும் என்றார்கள், எனக்கென்றால் விடியவும் வருகிறது, மத்தியானமும் வருகிறது, இரவு இவர் வேலையால் வந்து கறிச்சட்டியைத் திறந்தாலும் வருகிறது. வீடு திருகோணமலை மீன் சந்தைக்குக் கிட்ட, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் யன்னலைப் பூட்டிவிட்டு தேசிக்காயை மணந்துகொண்டு கிடக்கிறேன். சூரை மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள் நான்!

கிளினிக்கில் மிட்வைஃப் சொன்னபடி, படுக்கையை விட்டு எழும்ப முதலே இரண்டு கிரீம் கிராக்கர் சாப்பிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் எழும்புகிறேன். அது உண்மையாகவே உதவுகிறது. வெறும் வயிறு என்றால் ஓங்காளம் கூடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடுகிறேன். இஞ்சித் தேத்தண்ணீர் ஒரு கிழமைக்குக் கேட்டது, இப்போது அதன் மணமே பிடிக்கவில்லை. தண்ணீரை மடமடவென்று குடித்தால் அப்படியே திரும்பி வருகிறது, ஐஸ்கட்டி சூப்பினால் நிற்கிறது. ஃபோலிக் அமில மாத்திரையை இரவுக்கு மாற்றிவிட்டேன்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டால், சிறுநீர் கடும் நிறமாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள், அந்தளவுக்கு இன்னும் இல்லை.

பெரும்பாலானவர்களுக்கு 16, 20 கிழமைக்குள் குறையும் என்கிறார்கள், உங்களுக்கு எப்போது விட்டது? டொக்டரிடம் கேட்டு வைட்டமின் பி6 எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், பஸ்ஸில் வேலைக்குப் போனவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? திங்கட்கிழமை லீவு முடிகிறது.