‘லினியேஜ்’ என்பதற்கு ‘முன்னாதாரம்’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

புவித்தகவல் தரவுகளின் மீத்தரவில், அதாவது தரவைப் பற்றிய குறிப்பில், தரவு எங்கிருந்து எப்படி வந்தது என்று சொல்ல ‘லினியேஜ்’ (lineage) என்ற தலைப்பில் வரும் பகுதியைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை ‘மரபுவழி’, ‘கொடிவழி’, ‘தோற்றுவாய்’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. எங்கள் குமரி மாவட்டத்தில் நிலப் பத்திரம் தொடர்பாக அன்றாடம் புழங்கும் ‘முன்னாதாரம்’ என்ற சொல்லை நான்காவதாக முன்வைக்கிறேன். அந்தப் பகுதி செய்யும் வேலையைப் பார்த்தால்தான் சொல்லின் பொருத்தம் விளங்கும் என்பதால், ஆய்வுக்கு மூலங்கள் தேடும் ஒரு மாணவரின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

அகஸ்தீஸ்வரம் வட்டத்துக் குளங்கள் காலப்போக்கில் எவ்வளவு சுருங்கின என்று ஆராய ஒருவர் முற்படுகிறார் என்று கொள்வோம். அதுவரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த இம்மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது என்பதால், அதற்கு முந்தைய மூலங்களைச் சென்னை கன்னிமாரா நூலகத்தில் மட்டும் தேடினால் போதாது. திருவனந்தபுரத்து மாநில மைய நூலகத்துக்கும் கேரள அரசின் ஆவணக் காப்பகத்துக்கும் போயாக வேண்டும். பிரிட்டிஷ் நில அளவையாளர்களான வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் நடத்திய அளவைக் குறிப்புகள், திருவிதாங்கூர் அரசு அதிகாரி நாகம் ஐயா 1906-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் மாநிலக் கையேடு ஆகியவை அவருக்கு உதவும். திருவிதாங்கூர் ஆவணங்களில் பெரும்பாலும் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டே இருக்கும். 1100 என்று கண்டால் அதை 1924–25 என்று படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் இந்திய நில அளவைத் துறையின் 58எச்/8 என்ற நிலவரைபடத் தாளை எடுப்பார். நாகர்கோவில் அதில்தான் வருகிறது. நூலகப் பட்டியலில் பெரும்பாலும் அச்சிட்ட ஆண்டே கிடைக்கும். நிலத்தை அளந்த ஆண்டோ தாளின் ஓரக்குறிப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்திருக்கலாம் என்பதால், குளத்தின் பரப்பை எந்த ஆண்டுக் கணக்கில் சேர்ப்பது என்பதை அந்த ஓரக்குறிப்பே தீர்மானிக்கிறது. மேலும் பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய புவிவடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை உரிய மாற்றமின்றி டபிள்யூஜிஎஸ்84 என்ற இன்றைய உலகப் பொது முறையிலுள்ள செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். சிறிய குளம் ஒன்று பக்கத்து வயலில் போய் உட்கார்ந்துவிடும்.

தரவு எப்போது, எப்படி உருவானது என்ற இதே கேள்விதான் இணைய மூலங்களிலும். இஸ்ரோவின் புவன் வரைபடத் தளம், லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கட்டணமின்றித் தரும் அமெரிக்க எர்த் எக்ஸ்புளோரர், முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா ஆகிய மூன்றும் இன்று எந்தக் கிராமத்து மாணவருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. லேண்ட்சாட் படத்தோடு அது எடுக்கப்பட்ட நாளும் பதப்படுத்திய நிலையும் கொண்ட கோப்பு தானாகவே வந்துவிடுகிறது. ஆனால் ஓர் ஆய்வேட்டிலிருந்து பெற்ற ஓடை வரைபடம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத்தரவிலிருந்து வருவிக்கப்பட்டதா, தாளிலிருந்து கையால் வரையப்பட்டதா என்பது முறையியல் இயலைப் படித்தால்தான் தெரியும். தெரிந்துகொள்ளாமல் விடவும் முடியாது. எஸ்ஆர்டிஎம் ரேடார் அலைகள் அடர்ந்த மரக்கூட்டத்தை முழுவதும் ஊடுருவித் தரையைத் தொடுவதில்லை என்பதால், ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நம் மேற்குப் பகுதியில் அது காட்டும் உயரம் தரையின் உயரமாகவே இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

புவித்தகவல் மீத்தரவுக்கான ஐஎஸ்ஓ 19115 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்தச் செய்திகளுக்குத்தான் இடம் ஒதுக்குகிறது. 2003 பதிப்பில் தரவுத்தரத்தின் உட்பிரிவாக இருந்த இப்பகுதி, 2014 திருத்தத்தில் தனிப்பிரிவாயிற்று. தரவு எதிலிருந்து எடுக்கப்பட்டது, அதன்மேல் என்னென்ன செய்யப்பட்டன என்ற இரண்டும் இதில் பதிவாகின்றன. இந்த இரண்டையும் சுமக்கும் சொல்தான் நமக்குத் தேவை.

‘தோற்றுவாய்’ முதல் மூலத்தை மட்டுமே சுட்டுகிறது; இடையில் நடந்தவை விடுபடுகின்றன. ‘மரபுவழித் தரவு’ என்று எழுதினால் பழைய முறையில் திரட்டிய தரவு என்றே வாசகர் கொள்வார். ‘கொடிவழி’ அழகான சொல்; ஆனால் அது குருதித் தொடர்ச்சியைச் சொல்கிறதே தவிர, யார் என்ன செய்தார் என்பதைச் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் பத்திரத்தை ஆதாரம் என்பார்கள். நிலம் வாங்குபவர் முதலில் கேட்பது முன்னாதாரத்தை. இப்போது விற்பவருக்கு இந்த நிலம் யாரிடமிருந்து, கிரயமாகவா, பாகப்பிரிவினையாகவா, தானமாகவா, எந்த வகையில் வந்தது என்று ஒவ்வொரு ஆதாரமும் தனக்கு முந்தையதைச் சுட்டிக்கொண்டே போகும். மூலமும் அதன்மேல் நடந்த செயலும் இங்கே ஒருசேர நிற்கின்றன. தரநிலை கேட்பதும் இதுவே. தமிழகத்தின் பிற பகுதிகளில் தாய்ப்பத்திரம் என்பார்கள் என்பதை அறிவேன். ஆனால் பத்திரம் என்றால் காகிதம்தான் நினைவுக்கு வரும்; ஆதாரம் என்பதற்கு எல்லா ஊரிலும் சான்று என்ற பொருள் இருப்பதால், எங்கள் வழக்கை அறியாதவருக்கும் ‘முந்தைய சான்று’ என்ற அளவில் சொல் விளங்கிவிடும். தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வர இரட்டிப்பதால் ‘முன்னாதாரம்’ என்று சேர்த்தே எழுதலாம்.

ஆதாரம் வடசொல் என்று மறுப்பவர்களுக்கு ‘முற்சான்று’ என்பதை மாற்றாகத் தருகிறேன். நிலத்தைப் பற்றிய துறைக்கு, நிலத்தை வாங்கி விற்பவர்கள் பழகிய சொல்லே பொருந்தும் என்பதால் என் தெரிவு முன்னாதாரமே.

பயன்பாட்டில் சொல் எப்படி நிற்கிறது என்று பார்க்க, மேற்சொன்ன மாணவர் எழுதக்கூடிய ஒரு பதிவு:

“முன்னாதாரம்: மூலம் – இந்திய நில அளவைத் துறைத் தாள் 58எச்/8, அளவை ஆண்டு ஓரக்குறிப்பின்படி. செய்படி 1 – தாள் வருடப்பட்டு, நான்கு மூலைப் புள்ளிகளைக் கொண்டு புவியிணைப்பு (புவியின் ஆயத்தொலைவுகளோடு பொருத்துதல்) செய்யப்பட்டது. செய்படி 2 – எவரெஸ்டிலிருந்து டபிள்யூஜிஎஸ்84-க்கு மாற்றப்பட்டது. செய்படி 3 – குளக்கரைகள் பலகோணங்களாக வரையப்பட்டன.”

இதில் ‘பிராசஸ் ஸ்டெப்’ என்பதற்குச் ‘செய்படி’ என்று எழுதியிருக்கிறேன்; இதைவிடப் பொருத்தமானது இருந்தால் சொல்லுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் மீத்தரவுப் பலகத்தில் ‘ஹிஸ்டரி’ என்றிருக்கும் பகுதிக்கும் இதே சொல்லைப் பரிந்துரைக்கலாமா, அங்கே ‘வரலாறு’ என்றே விட்டுவிடலாமா என்பதில் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து