சூடேறிய பிறகு மட்டும் வண்டியின் அடியில் கடகடவென்று ஒலி

தெலுக் பஹாங் வாசி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1994ஆம் ஆண்டின் டீசல் ஃபோர்வீல் (நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி) ஒன்று உள்ளது. அப்பா வாங்கி ஓட்டிய வண்டி. அவர் காலத்துக்குப் பிறகு விற்க மனமின்றி நானே வைத்திருக்கிறேன். மூன்று மாதங்களாக அதன் அடியிலிருந்து, மைலோ டின்னில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒலி வருகிறது. காலையில் கிளம்பும்போது எதுவும் இருக்காது. மலைப்பாதையில் பாலிக் புலாவ் நோக்கிச் செல்லும்போது, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் தொடங்கும். சில நாள்களில் தொடங்காமலே போய்விடும்.

பட்டறை ஒன்றில் காட்டியபோது, சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் லிங்குகளையும் ஷாக் அப்சார்பரின் ரப்பர் புஷ்களையும் மாற்றி 640 ரிங்கிட் வாங்கினார்கள். மறுநாளே ஒலி திரும்பிவிட்டது. வேறொரு பட்டறையில் எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் (வளைந்து சுழலும் இணைப்பு) போய்விட்டது என்கிறார்கள். இனியும் ஊகத்தை நம்பிச் செலவு செய்ய எனக்கு விருப்பமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சென்ற வாரம் கனமழையின்போது சாலையில் தேங்கிய நீரைக் கடந்ததும் ஒலி சட்டென்று நின்றது, பத்து நிமிடம் கழித்து மீண்டும் வந்தது.

ஜெலுத்தோங் ஓட்டுநர்:

சகோதரரே, ஒலி கேட்கும் நேரத்தில் பிரேக்கை மிக இலேசாக மிதித்துப் பாருங்கள். அப்போது நின்றுவிட்டால், பிரேக் பேடுகளை அசையாமல் பிடிக்கும் கிளிப்புகள் தளர்ந்திருக்கின்றன என்று பொருள். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அடியில் தொங்கும் ஸ்பேர் டயரையும் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் சங்கிலி தளர்ந்தாலும் இப்படித்தான் ஒலிக்கும்.

பட்டர்வொர்த் பழைய மெக்கானிக்:

தம்பி, எந்த உறுப்பையும் மாற்றும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: வண்டி நின்றுகொண்டிருக்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது இந்த ஒலி கேட்கிறதா? கேட்டால், சக்கரத்தோடும் ஷாஃப்டோடும் சுழலும் உறுப்புகள் காரணமல்ல. பள்ளம் மேட்டில் ஆடும் சஸ்பென்ஷனும் காரணமல்ல. யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால், ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றும்போது 'டங்' என்று ஓர் அடி கேட்கும். ஓடும்போது வேகம் கூடக் கூட ஒலியும் விரைவாகும். நீங்கள் சொல்வதில் அந்தச் சாயலே இல்லை.

மழைநீரைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வறண்ட ரப்பர் புஷ்ஷும் நனைந்தால் அடங்கும், ஆனால் அது 'கீச்' என்று முனகுமே தவிரக் கடகடக்காது. புகைக்குழாயை எண்ணிப் பாருங்கள். எஃகு சூட்டில் நீளும். இரண்டு மீட்டர் நீளக் குழாய் 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதன் முன்முனை எஞ்சினோடு பூட்டப்பட்டிருப்பதால், நீட்சி முழுவதும் பின்பக்கமாகத்தான் போகும். குளிர்ந்திருக்கும்போது காசளவு இடைவெளியில் தப்பிக்கும் குழாய், சூடேறியதும் வண்டியின் அடிச்சட்டத்தைத் தொட்டு, டீசல் எஞ்சினின் அதிர்வுக்கெல்லாம் தட்டத் தொடங்கும். நீர் தெறித்தால் சுருங்கி விலகிக்கொள்ளும். பட்டறையில் லிஃப்டில் ஏற்றிக் காத்திருப்பதற்குள் குழாய் ஆறிவிடுவதால், அங்கே யாருக்கும் கேட்டிருக்காது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முழுவதும் ஆறிய பிறகு அடியில் பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே நுழைய வேண்டாம். வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும். துரு மூடிய பரப்பில் எங்காவது பளபளப்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள்; உரசும் இடம்தான் அப்படி மின்னும். குழாயின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டின் போல்ட் துளைகளையும் பாருங்கள். துளை துருவில் அகன்றுவிட்டால் அந்தத் தகடும் இதே ஒலியைத் தரும்.

தெலுக் பஹாங் வாசி:

ஐயா, கண்டுபிடித்துவிட்டேன். பிரேக்கை மிதித்தும் மாற்றமில்லை. ஸ்பேர் டயர் இறுக்கமாகவே இருந்தது. நேற்று பாலிக் புலாவ் சந்தைக்கு அருகில் ஒலி வந்ததும் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டேன். ஒலி தொடர்ந்தது. ஆக்ஸிலேட்டரைச் சற்றே மிதித்ததும் மறைந்தது, விட்டதும் வந்தது.

இன்று காலை அடியில் படுத்துப் பார்த்தேன். கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முழுவதும் செம்மண்ணும் துருவுமாக இருக்க, ஓர் இடத்தில் மட்டும், பத்து சென் காசைவிடச் சிறிதாக, உலோகம் கண்ணாடிபோல் மின்னியது. அதற்கு நேர் எதிரே புகைக்குழாய் ஃபிளாஞ்சின் (குழாய்த் துண்டுகளை இணைக்கும் விளிம்புத் தட்டின்) போல்ட் முனை. அதன் மரை ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. இரண்டுக்கும் இடையே காசுதான் நுழைந்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் ஒன்று வெடித்து நீண்டு, மற்றொன்றைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்து தொங்குகிறது. இரண்டையும் மாற்றினால் போதுமா?

பட்டர்வொர்த் பழைய மெக்கானிக்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இரண்டு வளையங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃபிளாஞ்சைத் தளர்த்திக் குழாயை இயல்பாகத் தொங்கவிட்டு, பிறகு இறுக்குங்கள். இழுத்துப் பிடித்து இறுக்கினால் புதிய ரப்பரும் சீக்கிரம் வெடிக்கும். ஆனால் வளையம் தாழ்ந்தால் குழாய் கீழேதானே இறங்கும். சட்டத்துக்கு இவ்வளவு நெருங்கியதற்கு அது மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. கியர் பெட்டி அந்தச் சட்டத்தின் மேல் உட்காரும் ரப்பர் மவுண்டையும் பாருங்கள். முப்பது வருட ரப்பர் நசுங்கிப் பெட்டி இறங்கியிருந்தால், அதோடு குழாயும் இடம் மாறியிருக்கும். எல்லாம் பூட்டிய பிறகு அதே மலைப்பாதையில் ஒரு முறை ஓட்டி, குழாய் சூடாக இருக்கும்போதே குனிந்து, தொடாமல், இடைவெளி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.