நொதித் தூண்டலா, ஆக்கத்தூண்டலா?

அனைவருக்கும் வணக்கம்.

வேதிப்பொருள்கள் பட்ட எலியின் கல்லீரலில் நொதிகள் (என்சைம்கள்) கூடுவதைத் தமிழில் 'நொதித் தூண்டல்' என்றே எழுதலாம் என்று இந்தக் கலைச்சொல் விவாதத்தில் சொல்லப்பட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சொல்லைப் படிப்பவர், ஏற்கெனவே இருக்கும் நொதி சுறுசுறுப்படைகிறது என்றுதான் நினைப்பார். நடப்பது வேறு.

எலிக்குச் சில நாள் தொடர்ந்து பீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தால், கல்லீரல் செல்லில் ஓர் ஏற்பி (மருந்து வந்ததை உணரும் புரதம்) உட்கருவுக்குள் போய், சைட்டோகுரோம் பி450 என்ற, மருந்துகளை மாற்றும் நொதிக் குடும்பத்து மரபணுக்கள் சிலவற்றை முடுக்கிவிடுகிறது. நொதி புதிதாகவே உருவாகிறது. இந்த நொதிகள் இருக்கும் வழவழப்பான எண்டோபிளாச வலை (செல்லுக்குள் உள்ள சவ்வு வலை) பெருகி, கல்லீரலின் எடையும் ஏறுகிறது. புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இந்த உயர்வு வராது. ஆகவே 'ஆக்கம்' என்பது சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

என் பரிந்துரை: ஆக்கத்தூண்டல். அதைச் செய்யும் பொருள் ஆக்கத்தூண்டி. தமிழ்நாட்டில் நொதி, இலங்கையில் நொதியம் என்று எழுதுகிறோம். இரண்டோடும் இது ஒட்டும். 'நொதிப் பெருக்கம்' என்ற யோசனையும் நல்லதுதான், ஆனால் பெருக்கம் தானாகவும் நடக்கலாம். வெளியிலிருந்து வந்த பொருள்தான் காரணம் என்பது அதில் தெரியவில்லை.

மருந்துகள் மட்டுமல்ல, பூச்சிக்கொல்லிகளும் ஆக்கத்தூண்டிகளே. 1960களின் தொடக்கத்தில், குளோர்டேன் என்ற பூச்சிக்கொல்லி பட்ட எலிகள், ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து கொடுத்தபின் வழக்கத்தைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. கல்லீரல் அந்தத் தூக்க மருந்தை வேகமாக மாற்றிவிட்டதுதான் காரணம். டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி உடல் கொழுப்பில் தங்குவதால், கொடுப்பதை நிறுத்தியும் விளைவு நீடிக்கும்.

ஹார்மோன் விஷயத்துக்கு வருவோம். கல்லீரல் நொதிகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனையும் மாற்றுகின்றன. முன்கூட்டியே பீனோபார்பிட்டால் பெற்ற இளம் பெண் எலிகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால், கருப்பை வழக்கமான அளவு வளர்வதில்லை. கொடுத்த ஹார்மோனின் அளவை மட்டும் பார்த்து முடிவு எழுதுகிற கட்டுரை இங்கேதான் தடுமாறும். தைராய்டிலும் இதேபோல் ஒரு தொடர் உண்டு: நொதிகள் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனை வேகமாக வெளியேற்ற, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது, அப்புறம் எலியின் தைராய்டு பெரிதாகிறது.

இன்னொன்று. மருந்துகளிலும் ஹார்மோன்களிலும் கல்லீரல் செய்யும் இந்த மாற்றத்தை 'சிதைவு' என்று எழுத வேண்டாம். மெஸ்ட்ரனால் என்ற செயற்கை ஹார்மோன், கல்லீரல் அதை எதினைல் ஈஸ்ட்ரடயாலாக மாற்றிய பிறகே வேலை செய்கிறது. அதைச் சிதைவு என்றால் பொருளே தலைகீழாகிவிடும். 'வளர்சிதை மாற்றம்' உணவுக்குப் பொருந்துகிறது. மருந்துக்கு 'கல்லீரல் மாற்றம்' போதும் என்பது என் எண்ணம், இதற்கு மேலான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ஆக்கத்தூண்டி என்று எழுதும்போது எந்த உயிரினத்துக்கு என்பதையும் சேர்த்தே எழுதுவோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் மனிதரில் வலுவான ஆக்கத்தூண்டி, கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். மனிதரில் அந்த மருந்தை உணரும் ஏற்பிக்கு இணையானது எலியிலும் உண்டு, ஆனால் அது அந்த மருந்துக்குச் சரியாக அசைந்து கொடுப்பதில்லை. எனவே 'எலிக்கு ஆக்கத்தூண்டி', 'மனிதருக்கு ஆக்கத்தூண்டி' என்று கலைச்சொல் பதிவுகளையே தனித்தனியாக வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.