பத்துப் பேர், ஒரு கிலோ கோழி

பெரிய குடும்பத்துக்குக் குறைந்த காசில் எப்படிச் சமைக்கிறீர்கள்? ஊர் ஊராக எழுதியவர்களின் பதில்கள்.

மதுரை, வீட்டில் 10 பேர்

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மாமியார் ஒரு கிலோ கோழியைக் கையில் கொடுத்துக் குழம்பு வைக்கச் சொன்னார். அம்மா வீட்டில் நாங்கள் நாலு பேர். அங்கே ஒரு கிலோ என்றால் ஆளுக்கு ஐந்தாறு துண்டு, மிச்சம் ராத்திரி தோசைக்கு. அதே கைப்பழக்கத்தில் இங்கேயும் வைத்துவிட்டேன். மாமனார், கொழுந்தனார், பிள்ளைகள் என்று முதல் பந்தி எழுந்தபோது சட்டியில் கழுத்தும் அடிமசாலாவும்தான் கிடந்தன. மாமியார் திட்டவில்லை. அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டி எனக்கு ஒரு உருண்டை கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் நான் வைக்கிறேன், பக்கத்துல நின்னு பாரு" என்றார்.

நின்று பார்த்தேன். கறிக்கடையிலேயே துண்டைச் சின்னதாகப் போடச் சொல்லியிருந்தார். அரைக் கிலோ உருளைக்கிழங்கு சேர்த்தார். தேங்காய் அரை மூடிதான், கூட ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை வைத்து அரைத்ததில் குழம்பு கெட்டியாகிவிட்டது. இதெல்லாம் பெரிய விஷயமில்லை, யாரும் செய்வார்கள். அவர் செய்த உண்மையான காரியம் வேறு. அடுப்பை அணைத்ததும் துண்டுகளை எண்ணினார். ஆளுக்கு மூன்று. கரண்டியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. குழம்பு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், துண்டு மட்டும் கேட்கக் கூடாது.

இப்போது சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 12,000 ரூபாய் என் கையில் வருகிறது, கேஸ் தனி. 'ஐயாயிரத்தில் குடும்பம் நடத்துவது எப்படி' என்று வீடியோ போடுகிறவர்கள் அந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை மட்டும் ஏனோ சொல்வதில்லை. எங்கள் வீட்டுப் பத்துப் பேரில் மூன்று பேர் உடலுழைப்பு வேலை. அவர்கள் தட்டில் சோறு குறைந்தால் மறுநாள் வேலையில் தெரியும்.

எங்கள் ரேஷன் அட்டைக்கு 20 கிலோ அரிசி இலவசம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய். இந்த மூன்றும் வராத மாதத்தில் என் கணக்கு அப்படியே சாய்ந்துவிடும். அரிசியைச் சோறாக வடித்தால் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அதனால் அதை இட்லிக்குத் திருப்பிவிட்டேன். மூன்று தண்ணீர் களைந்து, ராத்திரியே ஊறப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அரைத்தால் வாடை போய்விடுகிறது. ரேஷன் புழுங்கல் இரண்டு படி, கடை இட்லி அரிசி இரண்டு படி, உளுந்து ஒரு படி, கொஞ்சம் வெந்தயம். உளுந்து நன்றாகப் பொங்கி வந்தால் படியில் ஒரு பிடி குறைத்தும் போடலாம். பாதிப் பாதி கலப்பதற்கு முன்னால் முழுக்க ரேஷன் அரிசியிலேயே ஒருமுறை அரைத்தேன். அன்றைய இட்லியைப் பற்றி என் கொழுந்தன் இன்றைக்கும் பேசுகிறான்.

2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்கு மேலே போனதே, அப்போதுதான் சாம்பாரில் பாசிப்பருப்பு கலக்கத் தொடங்கினோம். பரங்கிக்காய் போட்டு அதிலேயே ஒரு துண்டை மசித்துவிட்டால் பருப்பு குறைந்ததே தெரியாது. விலை இறங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. காய்க்கு அண்ணாநகர் உழவர் சந்தை. தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே இதுதான், 1999-இல். விடியற்காலையில் போனால் நல்ல காய், பலகையில் எழுதிய விலை. நேரம் கழித்துப் போனால் மிஞ்சிய காயைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் நேரம் கழித்துப் போகிற ஆள். ஆனால் கீரைக்கு மட்டும் விடியற்காலையில் போவேன்.

இப்போது சொல்ல வந்த விஷயம். 2023-இல் இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 இருக்க வேண்டுமாம். நர்ஸம்மா, "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், ஆளுக்கு ஒரு முட்டை என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சமைச்சதைக் கேக்கல தாயி, சாப்பிட்டதைக் கேக்குறேன்" என்றார்.

யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் நான் சாப்பிட்டது சோறு, ரசம், ஊறுகாய். என் முட்டையைப் பெரியவன் கேட்டான், கொடுத்துவிட்டேன். கீரை பந்தியோடு தீர்ந்துவிட்டது. சாப்பிட்டதும் ஒரு டீ வேறு. டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, மாத்திரையையும் டீயையும் ஒட்டிப் போடாதே என்றார். இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. ரேஷன் அரிசியில் சில மணிகள் வேறு நிறமாக, ஊறும்போது மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று நாங்கள் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தோம். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசியாம், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருந்தார்களாம். ரத்தம் இல்லாதவள் அதைத் தேடித் தேடிக் குப்பையில் போட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அன்று ராத்திரியே மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்துவைத்தார். அன்றைக்குச் சமைத்தவருக்கு முதலில் அதில் சோறு, வெஞ்சனம், முட்டை எல்லாம் போட்டு மூடிவிட்டுத்தான் பந்தி. டப்பாவை யாரும் திறக்கக் கூடாது. என் மாதச் செலவில் ஒரு ரூபாய்கூட இதனால் கூடவில்லை. பிரசவத்துக்குப் போகும்போது ஹீமோகுளோபின் 10.6.

நாகப்பட்டினம், வீட்டில் 8 பேர்

அக்கா, நீங்கள் சொன்ன கழுத்துத் துண்டு எங்கள் வீட்டில் மீன் தலை. அம்மாவுக்கு மீன் தலைதான் பிடிக்கும் என்று இருபது வயது வரை நம்பியவன் நான்.

அப்பா விசைப்படகுத் தொழிலாளி. அம்மா கூடையில் மீன் விற்றார். வஞ்சிரம், கொடுவா எல்லாம் ஊருக்குப் போகும். வீட்டுக்கு வருவது மத்தி, நெத்திலி, காரப்பொடி. ஒரு கிலோ வஞ்சிரத்தின் காசில் மத்தி நாலு கிலோ வாங்கிவிடலாம், அதனால் எங்கள் வீட்டில் மீனை யாரும் எண்ணியதில்லை. கஷ்டம் எல்லாம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குள் போகாது, வீட்டுக்குக் காசும் வராது, கரையில் கிடைக்கிற கொஞ்ச மீனும் விலை ஏறிவிடும்.

அதற்காக மாசி, பங்குனியிலேயே கருவாடு போட்டுவிடுவோம். ஒரு வருஷம் கடைசி ஈடு காய்வதற்குள் மூட்டம் போட்டுவிட்டது. காய்ந்த மாதிரிதான் இருக்கிறது என்று நான்தான் அவசரப்பட்டுப் பானையில் அடுக்கினேன். மே முதல் வாரம் திறந்தால் புழு. பானையோடு கொட்ட வேண்டியதாகிவிட்டது. அந்தத் தடைக்காலம் முழுக்க மொச்சைக்கொட்டையும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, கருவாடு இல்லாத கருவாட்டுக் குழம்பு. அம்மா அதற்கு அப்படித்தான் பேர் வைத்தார். நல்லாத்தான் இருந்தது என்று வையுங்கள். ஆனால் என்னை யாரும் மன்னிக்கவில்லை.

முறிந்தால் 'டக்'கென்று சத்தம் வர வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. புதிதாகக் கருவாடு போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்னை, வீட்டில் 6 பேர்

என்னிடம் சமையல் கதை இல்லை. அப்பாவுக்குக் கட்டட வேலை. வேலை இல்லாத வாரங்களில் காலைச் சாப்பாடு அம்மா உணவகத்தில்தான். இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். முப்பது ரூபாயில் ஆறு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருக்கிறோம். கூடப் படிக்கிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தூணுக்குப் பின்னால் நின்று சாப்பிடுவேன். ஒருநாள் அதே தூணுக்குப் பின்னால் என் வகுப்புப் பையன் ஒருவன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

தருமபுரி, வீட்டில் 7 பேர்

மதுரைச் சகோதரி கோபித்துக்கொள்ளக் கூடாது. காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். எங்கள் வீட்டில் பத்து வருஷம் அப்படி மிச்சம் பிடித்தோம். அப்புறம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை வந்தது. அரிசியால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன், பரம்பரையும் இருக்கிறது. ஆனால் மளிகையில் மிச்சம் பிடித்ததை மருந்துக் கடையில் கொடுத்தோம்.

இப்போது ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. 2023-இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுக்கத் தொடங்கினார்கள். ஏழு பேருக்கு அது எந்த மூலைக்கு? மீதியை வெளியில்தான் வாங்குகிறோம். களிக்கு ஒரே ஒரு கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ போதும், பொரியல் கூட்டு என்று எதுவும் வேண்டாம். செலவு அங்கேதான் குறைகிறது. களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அப்பா ஒரு மாதம் வெளுத்து வாங்கினார். சர்க்கரை இறங்கவே இல்லை. களியும் மாவுச்சத்துதான் ஐயா, உருண்டையைச் சின்னதாக்குங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார். பிள்ளைகள் களியைத் தொடுவதில்லை. தோசை மாவில் கால் பங்கு கேழ்வரகு மாவைக் கலந்து, முறுகலாக ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன். நிறம் பற்றிக் கேட்டால் 'சாக்லேட் தோசை'. பெரியவளுக்கு உண்மை தெரியும், தம்பியிடம் சொல்லாமல் இருக்கிறாள்.

யாழ்ப்பாணம், வீட்டில் 9 பேர்

2022 ஆம் ஆண்டை நாங்கள் மறக்கமாட்டோம். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா விலை தொடமுடியாது, பாண் (ரொட்டி) விலை கிழமைக்குக் கிழமை ஏறினது. அப்பா காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியப்புறம் போய் வரிசையில் நிற்பார், பின்னேரம் அதே வெறும் சிலிண்டரோடு திரும்பி வருவார்.

அம்மம்மா மட்டும் பதறவில்லை. "இதென்ன பெரிய வேலை, இடம்பெயர்ந்து திரிஞ்சபோது மூண்டு கல்லிலதானே சமைச்சனாங்கள்" என்று சொல்லி, முற்றத்தில் விறகு அடுப்பு மூட்டினார். ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் நெருப்பு. காலையில் இலைக்கஞ்சி: முல்லை, முசுட்டை, வல்லாரை, வேலியில் எது இருந்ததோ அது. மத்தியானம் சோறு, முருங்கையிலை வறை, சொதி. தேங்காய் எங்கள் வளவில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது என்று சொல்லவேணும். இரவுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். கிழமைக்கு ஒருக்கால் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) கூழ். ஒரு பெரிய பானைக் கூழில் கொஞ்ச மீன், கொஞ்ச நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போகும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கும்போது யாருக்கு எத்தனை துண்டு வந்தது என்று யாரும் எண்ண முடியாது. மதுரை அக்காவின் மாமியாருக்கு இந்த உபாயத்தைச் சொல்லிப் பாருங்கோ.

ஒரு கேள்வி. அந்த டப்பா முறை இப்பவும் நடக்குதா? எங்கள் வீட்டில் இப்படி நல்ல பழக்கம் தொடங்கினால் ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது.

மதுரை, வீட்டில் 10 பேர்

நடக்கிறது. இடையில் நின்றும் போனது. என் ஓரகத்தியும் நானும் ஒருநாள் விட்டு ஒருநாள் சமைக்கிறோம். அவள் முறை வந்த நாளில் அவளே டப்பாவுக்குப் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு, மூடிக்குக் கீழே வெறும் சோற்றை வைத்து மூடியிருக்கிறாள். நாலைந்து வாரம் யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்து, சமைத்தவர் டப்பாவில் போடக் கூடாது, வேறு யாராவதுதான் போட வேண்டும் என்று மாமியார் மாற்றிவிட்டார்.

தருமபுரிக்காரருக்குக் கோபமெல்லாம் இல்லை. சொன்னது சரிதான், மாமனாருக்கும் இந்த வருஷம் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கூழ் விஷயத்தை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். எண்ண முடியாத குழம்பை அவர் நம்பமாட்டாராம்.

இந்த மாதம் டப்பா போடும் பொறுப்பு என் ஓரகத்தி மகளிடம், ஒன்பது வயது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா முறை. மாமியார் கரண்டியோடு உட்கார்ந்து இரண்டு தடவை எண்ணிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கோழிக்கு ரெண்டு காலு. ரெண்டும் சட்டியில இல்ல. அந்த டப்பாவைத் திற."

திறக்கக் கூடாது என்ற சட்டம் அவர் போட்டதுதானே? பிள்ளை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதையே சொன்னாள். மாமியாரால் ஒன்றும் பேச முடியவில்லை.