கூடலூரா, கோத்தகிரியா? நீலகிரிக்கு மாற்றல் வந்திருக்கு

மதுரைமல்லி:
வங்கியில எனக்கு நீலகிரிக்கு மாற்றல். கூடலூர், கோத்தகிரி ரெண்டுல ஒண்ணை எழுதிக் கொடுக்கணும். நான் இந்து, வீட்டுக்காரர் ஆர்.சி., ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். மாமியாருக்கு மூட்டுவலி. எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு எந்த ஊர் ஒத்துவரும்?

கொண்டைஊசி:
அம்மா, ஊட்டி–கூடலூர் தடத்துல 19 வருஷம் கண்டக்டர் நான். கடைசி நாலு வருஷம் கோத்தகிரி வண்டி. மாவட்டம்தான் ஒண்ணு, ஊர் வேற வேற.

கூடலூர்ல பாதிப் பேர் மலையாளத்துலதான் டிக்கெட் கேப்பாங்க. டான்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்துல வேலை பாக்குற, சிலோன்ல இருந்து திரும்பி வந்த தமிழ் ஜனங்க "நிக்க ஏலாது, சீட்டு குடுங்க"ன்னு சண்டை போடுவாங்க. நோன்பு மாசம் சாயங்கால டிரிப்ல பாங்கு கேட்டதும் பின்சீட்ல பொட்டலம் பிரியும்; என் டிக்கெட் பையிலயும் ரெண்டு பேரீச்சம்பழம் விழும். வேணாம்னா கோவிச்சுக்குவாங்க.

கோத்தகிரி படுகர் சீமை. மார்கழியை ஒட்டி அவங்க குலதெய்வம் ஹெத்தை அம்மனுக்குப் பண்டிகை. வெள்ளை உடுத்தி, செருப்பில்லாம பேரகணி கோயிலுக்குப் போவாங்க. வண்டி காலி, ரோடு நிறைய ஜனம்.

நான் மறக்காதது ஊட்டி மாரியம்மன் தேர்தான். தேர் மேல உப்பு வீசுவாங்க. அன்னிக்கு ராத்திரி கடைசி வண்டியில எல்லார் தலையிலும் மடியிலும் உப்பு. நடந்தா காலடியில நறநறன்னு சத்தம். பனியில அது கசிஞ்சு, மறுநாள் டெப்போவுல கழுவுறவன் என்னைத்தான் திட்டுவான். அதே ஊர்ல ஸ்டீபன்ஸ் சர்ச் உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு அரண்மனையிலிருந்து வந்த மரம். உங்க வீட்டுக்காரருக்கு காந்தல் குருசடியைக் காட்டுங்க, மே மாசம் திருவிழா.

எல்லாரும் அண்ணன் தம்பின்னு நான் அளக்க மாட்டேன். வாடகைக்கு வீடு கேட்டா "நீங்க யாரு ஆளுங்க?"ன்னு இங்கயும் கேப்பாங்க. நேரா சொல்லிடுங்க. மறைச்சு, அப்புறம் தெரிஞ்சாத்தான் வம்பு.

தேவாலாக்காரன்:
அண்ணே, மழையை விட்டுட்டீங்களே! ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் எங்க கூடலூர், பந்தலூர் பக்கம் விடாது. அலமாரிக்குள்ள மடிச்சு வெச்ச பட்டுப்புடவையிலயே பூஞ்சை ஏறும். மூட்டுவலிக்காரங்களுக்கு ரொம்பக் கஷ்டம்.

கொண்டைஊசி:
சரியாச் சொன்ன தம்பி. தொட்டபெட்டா மறைக்கிறதால கோத்தகிரிக்கு அந்த மழை கம்மி.

மதுரைமல்லி:
வீட்டுல எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். மாமியார் கேட்டது ஒண்ணுதான், "துணி காயுமா?" கோத்தகிரின்னு எழுதிக் கொடுத்துட்டேன்.

கொண்டைஊசி:
நவம்பர்ல காயாதும்மா. அங்க வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பர்ல மண்சரிஞ்சு ரோடே போயிடுச்சு. வீடு பார்க்கும்போது பின்னாடி மேடு செங்குத்தா இருந்தா, வாடகை எவ்வளவு குறைச்சலானாலும் வேணாம்னு வந்துடுங்க.