'உரசல்' வேண்டாம், 'வருடு கோண உந்தம்' சரியா வருமா பாருங்க

ரெண்டு அணுக்கரு மோதற இயற்பியல்ல வர்ற 'கிரேஸிங் ஆங்குலர் மொமென்டம்'ங்கிறதுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கிறதுதான் கேள்வி. ஆங்குலர் மொமென்டத்துக்கு இருக்கற கோண உந்தம்கிறத யாரும் தொட வேண்டாம், அது பாடப்புத்தகத்துலயே ஊறிப்போச்சு. தகராறு அதுக்கு முன்னாடி வர்ற 'கிரேஸிங்'லதான். அகராதிய அப்படியே எடுத்தா 'மேய்ச்சல்'னு வரும், ஆக்சிஜன் அணுக்கரு புல்லு மேயப்போன மாதிரி ஆயிடும் :)

முதல்ல அது எதைக் குறிக்குதுன்னு பாத்துக்குவோம். அரைச்செவ்வியல் மாடல்ல (பாதி குவாண்டம், பாதி பழைய இயற்பியல்) ஒவ்வொரு எல் மதிப்புக்கும், அதாவது கோண உந்தத்த எண்ற குவாண்டம் எண்ணுக்கும், மோத வர்ற அணுக்கருவுக்கு ஒரு பாதைன்னு வெச்சுக்கறோம், எல் கூட அரை சேத்து எச்-பாரால (பிளாங்க் மாறிலிய 2π-ஆல வகுத்தது) பெருக்கினா அந்தப் பாதையோட கோண உந்தம், அது பெருசா இருந்தா அணுக்கரு ரொம்ப தள்ளிப் போகும், கூலும் விலக்கம் (மின்னூட்டத்தால வர்ற தள்ளல்) மட்டும்தான், அதாவது ரூதர்ஃபோர்டு சிதறல். சின்னதா இருந்தா ரெண்டும் நேரா மோதி இணையும், இல்லன்னா நிறைய ஆற்றல இழந்து வெளிய வரும். இந்த ரெண்டுக்கும் நடுவுல, மேற்பரப்பு ரெண்டும் லேசா பட்டும் படாம போற அந்த எல் மதிப்புக்குத்தான் பேர் வேணும். ஈயம்-208 மேல ஆக்சிஜன்-16-ஐ 100 எம்இவி (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) ஆற்றல்ல விட்டா அது சுமாரா 45 பக்கம் வரும், அந்தப் பாதை திரும்புற கோணம் கிட்டத்தட்ட 85 டிகிரி. அந்த எல்-லுக்குக் கீழ உள்ளதெல்லாம் முழுசா உறிஞ்சப்படுதுன்னு வெச்சுக்கற கூர்வெட்டு மாடல்ல, அந்தக் கோணத்துலதான் மீட்சி சிதறல் (ஆற்றல் இழக்காத சிதறல்), ரூதர்ஃபோர்டு மதிப்புல கால் பங்குக்கு இறங்கும், இயற்பியலாளர் பிளேர் 1954-ல சொன்ன கால் பங்குப் புள்ளி விதி (குவார்ட்டர்-பாயின்ட்) அதுதான்.

'உராய்வு', 'உரசல்' ரெண்டுமே எனக்கு ஒத்துவரல. அதே துறையில ஆழமான மோதல்கள விளக்க நிஜமாவே ஒரு உராய்வு விசைய சமன்பாட்டுல போடறாங்க, பாதையோட கோண உந்தத்துல ஒரு பங்க அணுக்கருக்களோட சொந்தச் சுழற்சிக்கு மாத்திவிடறதே அதுதான், அப்புறம் உராய்வே இல்லாத எல்லைக்குப் போயி உராய்வுன்னு பேர் வெச்சா படிக்கிற பசங்க கதி என்ன?

'தொடு' நல்லாத்தான் இருக்கு, ஆனா 'தொடுகோண உந்தம்'னு சேத்து எழுதினா தொடுகோணத்தோட உந்தம்னு பிரிச்சுப் படிப்பாங்க.

அதனால என் ஓட்டு 'வருடு'வுக்கு. வருடு கோண உந்தம், வருடு கோணம், வருடு மோதல், வருடு பாதைன்னு குடும்பமே ஒழுங்கா வருது. ஸ்கேனருக்கு 'வருடி' இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கட்டுமே, அணுக்கருச் சிதறல் பேசற எடத்துல யாரும் ஸ்கேனர நினைக்கப்போறதில்ல. 'வருடல்'னு பெயர்ச்சொல்லா மட்டும் வேண்டாம், அது ஸ்கேன் பண்றதுன்னு ஏற்கனவே ஓடிட்டிருக்கு.

இதே துறையில வர்ற இன்னொரு சொல்லான 'ரெயின்போ ஸ்கேட்டரிங்'குக்கு வானவில் சிதறல் போதும்னு நினைக்கிறேன். அணுக்கருவ சுத்திச் சுத்தி வந்து சிக்கிக்கிற அந்த 'ஆர்பிட்டிங்'குக்குத்தான் ஒண்ணும் தோணல, யாராவது சொல்லுங்க.